பழகுநர் பயிற்சியில் யார் எதற்குப் பொறுப்பு?

தொழிற்பழகுநர் ஒப்பந்தம் எதை எடுத்துப் பார்த்தாலும் குறைந்தது இரண்டு கையெழுத்துகள் இருக்கும்: தொழில் கற்க வருபவருடையது ஒன்று, வேலை கொடுக்கும் நிறுவனத்துடையது ஒன்று. வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ போடுவது மூன்றாவது. இவர்களைத் தவிர, பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடாமலேயே பொறுப்பில் பங்குள்ள மூன்று தரப்புகள் உண்டு. பக்கத்தில் நின்று வேலை சொல்லிக்கொடுக்கும் மூத்த தொழிலாளி, வகுப்புப் பாடம் நடத்தும் பயிற்சி நிலையம், பயிற்சியைப் பதிவுசெய்து தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு. ஒருவரை ஃபிட்டராகவோ டர்னராகவோ வெல்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ ஆக்கும் பொறுப்பு இத்தனை பேருக்கும் பொதுவானது.

பொதுப் பொறுப்பு என்றாலே, “அதை அவர் பார்த்துக்கொள்வார்” என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. பயிற்சி கெட்டுப்போகும் இடங்களைத் துருவிப் பார்த்தால், ஒரு தரப்பு முழுக்கக் கைவிட்டது என்பது அபூர்வம். ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் கை நழுவியிருக்கும். வகுப்பில் நடத்திய பாடம் பட்டறைக்கு வந்து சேராது. மூத்தவர் சொல்லிக்கொடுத்தது பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறியது கைக்குப் பழகியிருக்காது. அதனால் “யார் யாருக்கு என்ன கடமை” என்ற பட்டியல் மட்டும் போதாது. எந்தக் கட்டத்தில் யார் எதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

பொறுப்பு பிரிந்த வரலாறு

இங்கிலாந்தில் 1563-இல் வந்த கைவினைஞர் சட்டம், ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமானால் குறைந்தது 7 ஆண்டுகள் பழகுநராக இருந்திருக்க வேண்டும் என்றது. அந்த ஏற்பாட்டில் பழகுநர் தொழில் முதல்வரின் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு வேலை கற்றார். சொல்லிக்கொடுப்பது, சோறு போடுவது, ஒழுங்கு பார்ப்பது எல்லாம் ஒரே ஆளின் தலையில். பழகுநர் பற்றிய அந்தச் சட்டப் பிரிவுகள் 1814-இல் நீக்கப்பட்டன. அந்த முறையில் சுரண்டல் நிறைய நடந்தது, அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஆனால் சரியாகக் கற்காத ஒருவர் வெளியே வந்தால் யாரைக் கேட்பது என்பதில் அன்று குழப்பம் இல்லை.

இப்போதைய முறைகளில் பொறுப்பு திட்டமிட்டே பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் 1969-இல் வந்து, 2005-இல் புதுப்பிக்கப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் இரட்டை முறையில் நிறுவனம் ஒரு பகுதியும் தொழிற்பள்ளி மறுபகுதியுமாகக் கற்பிக்கின்றன. அமெரிக்காவில் பதிவுபெற்ற பழகுநர் திட்டங்களில் ஆண்டுக்கு 144 மணி நேரம் வகுப்புப் பாடம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் வேலைத்தளத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் வகுப்பின் பங்கு 15-இல் ஒன்றுதான். இந்தியாவின் 1961 பழகுநர் சட்டம் நிறுவனத்தின் கடமைகளை 11-ஆவது பிரிவிலும் பழகுநரின் கடமைகளை 12-ஆவது பிரிவிலும் தனித்தனியே வைக்கிறது. முதலாளிக்கே தொழில் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பது அதில் உள்ள நல்ல விதி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஏற்றுக்கொண்ட 208-ஆம் பரிந்துரையும் எழுத்து ஒப்பந்தம், ஊதியம், வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவற்றை வலியுறுத்துகிறது.

சட்டங்கள் கடமைகளைத் தரப்புவாரியாக எழுதிவிடுகின்றன. தரப்புகளுக்கு நடுவே விழும் வேலையை எந்தச் சட்டமும் முழுதாக எழுதிவைக்க முடியாது. அது பட்டறைக்குள் தீர்க்க வேண்டியது.

ஒரு ஷாஃப்ட், மூன்று பொறுப்புகள்

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 25 மி.மீ. விட்டத்துக்கு ஒரு எஃகு ஷாஃப்ட், அதாவது உருளைத் தண்டு, கடைய வேண்டும். வரைபடத்தில் அனுமதித்த விலகல் மேல்நோக்கி ஒன்றுமில்லை, கீழ்நோக்கி 0.021 மி.மீ. அதாவது 25.000-க்கும் 24.979-க்கும் நடுவே எது வந்தாலும் சரி. பழகுநர் கடைசி வெட்டை முடித்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்கிறார். 24.986 காட்டுகிறது. திருப்தியோடு கழற்றி வைக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத் தரப் பரிசோதனையில் அதே ஷாஃப்ட் 24.977 காட்டி நிராகரிக்கப்படுகிறது.

மைக்ரோமீட்டரில் பிழை இல்லை. பார்த்த கண்ணிலும் இல்லை. வெட்டி முடித்தபோது ஷாஃப்டின் வெப்பம் சுமார் 50 டிகிரி செல்சியஸ். அளவுகள் எல்லாம் 20 டிகிரியை அடிப்படையாக வைத்துக் குறிக்கப்படுபவை. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 0.0115 மி.மீ. விரியும். 25 மி.மீ. விட்டத்துக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் இது 0.0086 மி.மீ. ஆகிறது. அனுமதித்த 0.021-இல் ஐந்தில் இரண்டு பங்கை வெப்பமே தின்றுவிட்டது. சூட்டோடு அளந்தபோது பெரிதாகத் தெரிந்த ஷாஃப்ட், ஆறியதும் சுருங்கி எல்லைக்குக் கீழே போய்விட்டது.

இதற்கு யார் பொறுப்பு? பயிற்சி நிலையத்தில் வெப்பத்தால் விரிவடைவது பற்றிப் பாடம் நடந்திருக்கும். தேர்வில் கணக்கும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஏதோ ஒரு நீளமான கம்பியைப் பற்றியதாக இருந்திருக்கும். கையில் இருக்கும் ஷாஃப்டைப் பற்றியது என்று மாணவருக்குத் தோன்றியிருக்காது. மூத்த டர்னருக்கு இது நன்றாகத் தெரியும். கடைசி வெட்டுக்கு முன் வேலைப்பொருளை ஆறவிடுவார், கூலன்ட் நிறைய விடுவார், தொட்டுப் பார்த்துச் சூடு இருந்தால் அளக்க மாட்டார். ஆனால் பழகிப்போன கைக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை. பழகுநரோ ஷாஃப்ட் சூடாக இருந்ததைக் கவனித்தார், அதனால் என்ன என்று கேட்கவில்லை.

மூவரும் தங்கள் பங்கை அவரவர் கணக்கில் சரியாகத்தான் செய்தார்கள். ஷாஃப்ட் மட்டும் வீணானது. இதைத் தடுக்கும் வழி எளிது, ஆனால் யாராவது ஒருவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி நிலையம் அந்த மாதம் என்ன நடத்துகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பட்டறையில் அதற்குப் பொருத்தமான ஒரு வேலையைத் தேர்ந்து, “வகுப்பில் போட்ட கணக்கு இங்கே எங்கே இருக்கிறது, காட்டு” என்று மூத்தவர் கேட்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் அந்த ஒரு பக்கம் போவதும் இல்லை, வருவதும் இல்லை. என் மதிப்பில் பயிற்சி முறையின் மிக மலிவான, மிக அதிகம் புறக்கணிக்கப்படும் பகுதி அதுதான்.

பங்கு போட முடியாத பொறுப்பு

பொறுப்பைப் பிரிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு: மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுவது.

ஒரு மோட்டாரையோ பேனலையோ பிரித்து வேலை செய்யும்போது ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிட வேண்டும். இங்கே “எங்கள் அணிக்கு ஒரு பூட்டு” என்ற பழக்கம் ஆபத்தானது. வேலையில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பல பூட்டுகள் மாட்டும் ஹாஸ்ப் ஒன்றைப் போட்டு, மூத்தவர் பூட்டும் பழகுநர் பூட்டும் அதில் தொங்க வேண்டும். சாவி அவரவர் பாக்கெட்டில். பழகுநர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பதற்காக அவர் பூட்டை இன்னொருவர் கழற்றக் கூடாது. முதல் நாள் வந்தவருக்கும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இதில் ஒரே விதி.

பூட்டிய பிறகு மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்வது அடுத்த படி. முதலில் மீட்டரை மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் சோதிக்க வேண்டும். முடிந்ததும் மறுபடியும் தெரிந்த இடத்தில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பில் நடுப்படி என்பது ஒரே ஒரு தொடுதல் இல்லை. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே மூன்று, ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று, ஆக 10 அளவுகள். நியான் விளக்கு வைத்த டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இதற்கு உதவாது. அதில் விளக்கு எரியாததற்கு மின்சாரம் இல்லாதது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால், அதன் உள்ளே கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடிய, மேல் மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் வரை காத்திருந்து அதையும் அளக்க வேண்டும்.

இந்த அளவுகளை மூத்தவர் எடுத்துவிட்டு, “பார்த்தாச்சு, கை வைக்கலாம்” என்று சொல்வது பரிவோடு சொன்னதாகவே இருக்கலாம். ஆனாலும் அது தவறான பாடம். மூத்தவர் பார்த்த பிறகு, பழகுநர் தன் கையால் மறுபடி பத்தையும் அளக்க வேண்டும். “அண்ணே, நானும் ஒருமுறை பார்த்துக்கிறேன்” என்று ஒரு பழகுநர் சொன்னால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத பட்டறைதான் ஒழுங்கான பட்டறை. அந்தச் சூழலை உண்டாக்குவது நிறுவனத்தின் கடமை. அதைக் கேட்கும் துணிச்சல் பழகுநரின் கடமை.

லேத்திலும் இதே போன்ற சின்ன விதிகள் உண்டு. வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் அதை இறுக்கும் சாவி இருக்கும்வரை கை சாவியை விட்டு எடுக்கக் கூடாது. மறந்து விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் சாவி தோட்டாவைப் போலப் பறக்கும். சுற்றும் வேலைப்பொருள் அருகே கையுறை போடக் கூடாது, அது மாட்டினால் கையையும் இழுத்துக்கொள்ளும். இந்த விதிகளைச் சுவரில் ஒட்டுவது நிறுவனத்தின் வேலை. கைக்குப் பழக்குவது மூத்தவருடையது. மூத்தவரே மீறினால் சுவரில் இருப்பதைப் பழகுநர் படிக்க மாட்டார், மூத்தவர் கையைத்தான் படிப்பார்.

எப்போது விலகி நிற்பது

மேற்பார்வை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் மூத்த தொழிலாளிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். சிலர் இரண்டு வருடம் ஆனாலும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தாண்ட விடுவதில்லை. சிலர் இரண்டாம் நாளே மெஷினைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இரண்டுமே கைவிடுதல்தான்.

விலகுவதற்குப் படிகள் உண்டு. முதலில் மூத்தவர் செய்ய, பழகுநர் பார்ப்பார். ஆனால் மூத்தவர் தான் என்ன பார்க்கிறார், எந்தச் சத்தத்தைக் கவனிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், இல்லையென்றால் கை அசைவது மட்டும்தான் தெரியும். அடுத்து பழகுநர் செய்ய, மூத்தவர் ஸ்டாப் பட்டன் எட்டும் தூரத்தில் நிற்பார். மூன்றாவது படியில் மூத்தவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம், ஆனால் நடுவில் நிறுத்தங்கள் வைக்க வேண்டும்: “ரஃபிங் முடிந்ததும் நிறுத்து, அளவைக் காட்டிவிட்டு ஃபினிஷிங் போ.” (ரஃபிங் முதலில் போடும் முரட்டு வெட்டு, ஃபினிஷிங் கடைசி நேர்த்தி வெட்டு.) கடைசிப் படியில் பழகுநர் முழுதும் செய்து முடித்து, அளவுகளோடு கொண்டுவந்து காட்டுவார்.

படி மாறுவதை மூத்தவர் வாயால் அறிவிக்க வேண்டும். சொல்லாமல் விலகும்போது, மூத்தவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பழகுநர் நினைத்துக்கொண்டிருப்பார், பழகுநர் சமாளித்துவிடுவார் என்று மூத்தவர் நினைத்துக்கொண்டிருப்பார். இன்னொன்று: படி என்பது ஆளுக்கு இல்லை, வேலைக்கு. நேரான டர்னிங்கில் நான்காம் படியில் இருப்பவர் திரெட் வெட்டுவதில் முதல் படியில்தான் இருப்பார். மெஷின் மாறினாலும் ஒரு படி பின்னால் வர வேண்டும்.

தொடக்கக் கட்டத்தில் ஒரு மூத்தவருக்கு ஒரு பழகுநர் என்பதே சரி. சில நாடுகளின் விதிகள் தொழிலுக்கு ஏற்ப ஒரு விகிதத்தைக் கட்டாயமாக்குகின்றன. ஒருவரிடம் நான்கைந்து பேரைக் கொடுத்தால் இரண்டாவது படி சாத்தியமே இல்லை, எட்டும் தூரத்தில் ஒருவருக்குத்தான் நிற்க முடியும்.

நிறுவனத்தின் தவறு பழகுநர் கையில் தெரியும்போது

வெல்டிங் கற்கும் பழகுநரின் மணிகளில் (உருகி உறைந்த பற்றுக் கோடுகளில்) துளைகள் நிறைந்திருந்தால், “கை சரியில்லை” என்பதுதான் முதலில் கிடைக்கும் தீர்ப்பு. துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்வது நியாயம். 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் வகை எலெக்ட்ரோடில் (வெல்டிங் குச்சியில்) மணி தொடங்கும் இடத்தில் மட்டும் துளை என்றால், தொடங்கும் முறையில் பிழை. ஆர்க்கை (உலோகத்தை உருக்கும் மின்வில்லை) மணி தொடங்க வேண்டிய இடத்திலிருந்து சற்று முன்னால் மூட்டி, குறுகிய ஆர்க்கோடு பின்னால் வந்து, மறுபடி முன்னே போய் அந்த இடத்தை உருக்கிக்கொண்டு செல்லப் பழகினால் அது போய்விடும். மணி முழுதும் பரவலாகத் துளை இருந்தால் ஆர்க் நீளமாக இருக்கலாம், தகட்டில் எண்ணெயோ துருவோ இருக்கலாம், எலெக்ட்ரோட் ஈரம் குடித்திருக்கலாம்.

கடைசிக் காரணத்தில் பழகுநரின் பங்கு மிகக் குறைவு. குறைந்த ஹைட்ரஜன் வகை எலெக்ட்ரோடுகள் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். பிரித்த பெட்டி ஸ்டோரில் திறந்து கிடந்தால், தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில், வழக்கமாக 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், உலர்த்தாமல் உபயோகிக்கக் கூடாது. துளை கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உண்டாக்கும் விரிசல், கனமான அல்லது கடினமான எஃகில் ஓரிரு நாள் கழித்துக்கூட வெளிப்படலாம். உலர்த்தும் அடுப்பு வாங்கி வைப்பதும், ஸ்டோரில் தேதி குறிப்பதும் நிறுவனத்தின் வேலை. பெட்டியை எடுக்கும்போது உலர்த்தியதா என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பது மூத்தவரின் வேலை. கேட்பது பழகுநரின் வேலை.

நிறுவனம் அதிகம் தவறும் இன்னொரு கடமை நேரம். பழகுநருக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவருக்கும் அதே உற்பத்தி இலக்கு, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி என்றால், சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சம்பளத்திலிருந்து போகிறது. எவ்வளவு நல்ல மனசு உள்ளவரும் ஒரு கட்டத்தில் “தள்ளு, நானே முடிச்சிடறேன்” என்பார். அவர் இலக்கைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது பயிற்சித் திட்டம் ஆகாது.

பயிற்சியின் அகலமும் நிறுவனத்தின் கையில்தான். ஒரே டிரில்லிங் மெஷினில் பதினெட்டு மாதம் நின்றவர் அந்த மெஷினுக்கு நல்ல ஆபரேட்டர் ஆகலாம், ஃபிட்டர் ஆக முடியாது. பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு வேலை அந்த நிறுவனத்தில் இல்லையென்றால், அதைச் செய்யும் வேறொரு பட்டறைக்குச் சில வாரங்கள் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. கடைசி ஆண்டில் நினைவு வந்தால் நேரம் இருக்காது.

பதிவேடு யாருக்கு

பழகுநரின் பங்கில் மிக முக்கியமானது பதிவேடு எழுதுவது. நேரத்துக்கு வருவது, சொன்னதைக் கேட்பது, கருவிகளைத் துடைத்து எடுத்துவைப்பது எல்லாம் எல்லோரும் சொல்லும் கடமைகள், அவற்றில் விளக்க ஏதுமில்லை.

“லேத் வேலை, 8 மணி நேரம்” என்ற வரி யாருக்கும் பயன்படாது. தேர்வாளருக்கு அதில் ஒன்றும் தெரியாது, பயிற்சி நிலையத்துக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. உபயோகமான பதிவு இப்படி இருக்கும்: என்ன பொருள், வரைபடத்தில் என்ன அளவு, எவ்வளவு விலகல் அனுமதி, எந்தக் கருவியில் எந்த வேகத்தில் வெட்டியது, எதில் அளந்தது, என்ன வந்தது, எது தவறியது, ஏன், யார் மேற்பார்வையில், எந்தப் படியில். மேலே சொன்ன ஷாஃப்ட் நிராகரிக்கப்பட்டதையும், காரணம் வெப்பம் என்பதையும் எழுதினால், அந்தப் பக்கம் நல்ல துண்டுகளைப் பற்றிய இருபது பக்கங்களைவிடப் பெறுமதியானது. ஆனால் தவறை எழுதினால் திட்டு விழும் என்றால் யாரும் எழுத மாட்டார்கள். பதிவேட்டில் உள்ள தவறை வைத்துத் தண்டிப்பதில்லை என்று நிறுவனம் முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

அதில் மூத்தவர் போடும் கையெழுத்தின் பொருளும் தெளிவாக வேண்டும். “இந்த நாளில் இவர் வந்திருந்தார்” என்பது வருகைப் பதிவு. “இந்த வேலையை இவர் இந்தப் படியில் செய்ததை நான் பார்த்தேன்” என்பதுதான் பயிற்சிப் பதிவு. மூன்று மாதப் பதிவுகளை ஒரே மதியத்தில், ஒரே பேனாவில், ஒரே மாதிரி கையெழுத்திட்டிருப்பதைப் பார்த்தால் அது எதற்கும் சாட்சி ஆகாது. வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், இருவரும் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்திடுவதே போதும்.

பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பட்டறைக்கு வர வேண்டும். பழகுநர், மூத்தவர், ஆசிரியர் மூவரும் பதிவேட்டை நடுவில் வைத்துப் பேசும் அரை மணி நேரத்தில், எந்த வேலை இன்னும் தொடவே இல்லை என்பது கண்ணில் பட்டுவிடும். அடுத்த காலாண்டில் அதை யார், எந்த மாதத்தில் கொடுப்பது என்று அங்கேயே பெயரோடு எழுத வேண்டும். பெயர் எழுதாத தீர்மானம் அடுத்த கூட்டத்திலும் அப்படியே இருக்கும்.

இடையில் மூத்தவர் ஓய்வு பெற்றாலோ, வேலை மாறினாலோ, நிறுவனமே மூடப்பட்டாலோ அந்தப் பதிவேடு ஒன்றுதான் பழகுநரோடு போகும். அதனால் மூலப் பிரதி பழகுநரிடமே இருக்கட்டும், நிறுவனம் நகலை வைத்துக்கொள்ளட்டும். புதிய இடத்தில் பொறுப்பேற்பவர் எழுதியதை அப்படியே நம்பி நான்காம் படியில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு முக்கிய வேலையிலும் ஒரு துண்டைத் தன் முன் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, எந்தப் படியில் தொடங்கலாம் என்று தானே முடிவு செய்து, தேதி போட்டு அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.